ஓட்டிசம் உள்ள பிள்ளை வேலைக்குப் போகமுதல்

பள்ளிக்கூடம் முடிந்த பிறகு எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில் ஓட்டிசம் (ஆட்டிசம்) உள்ள பெரும்பாலான பிள்ளைகள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். போன், ரீவி, சாப்பாடு, நித்திரை. ஒரு வருசம் இப்படிப் போனாலே பள்ளியின் விசேட கல்வி அலகில் படிந்த நேர ஒழுங்கு குலைந்து, காலையில் எழுப்புவதே சண்டையாகிவிடும். அதனால் ஆயத்தத்தை 13, 14 வயதிலேயே தொடங்குங்கள். இலங்கையில் 2021 இலிருந்து 16 வயதுக்குக் குறைந்தவரைச் சட்டப்படி வேலைக்கு அமர்த்த முடியாது. அதுவரை கிடைக்கிற காலம் பழகுவதற்கு.

பெரும்பாலும் வேலை தெரியாததால் இந்தப் பிள்ளைகள் வேலையை இழப்பதில்லை. பருப்புப் பை கட்டத் தெரிந்த பொடியன், பருப்பு முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நிற்பான். முதலாளி "சரிவராது" என்று சொல்லிவிடுவார். தேத்தண்ணி குடிக்க எவ்வளவு நேரம், கழிப்பறைக்கு யாரிடம் சொல்லிவிட்டுப் போவது, "கொஞ்சம் பொறு" என்றால் எவ்வளவு பொறுப்பது? மற்றப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும்.

பலசரக்குக் கடையில் அரைக் கிலோ பருப்புக் கட்டுவதையே எடுங்கள். பையை விரி, தராசில் வை, பூச்சியத்துக்குக் கொண்டுவா, அகப்பையால் போடு, இலக்கத்தைப் பார், வாயை மடி, சீல் மெசினில் அழுத்து, கூடையில் வை. எட்டுப் படி. இதைக் கடைசிப் படியிலிருந்து பழக்குங்கள்: முதலில் ஏழு படியையும் நீங்கள் செய்ய, பிள்ளை பையைக் கூடையில் வைக்கட்டும். பிறகு சீல் பண்ணுவதும் அவருடையது. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவர் அவராகத்தான் இருப்பார்.

இதில் இரண்டு இடத்தில் பிசகும். "500 கிராம்" என்று மட்டும் சொன்னால், தராசு 502 காட்டும்போது ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருப்பார். "500 இலிருந்து 505 வரை சரி" என்று எழுதித் தராசில் ஒட்டுங்கள். மற்றது எங்கள் வாய். "அடுத்தது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கேள்வியும் ஒரு படியாகிவிடும். அது வராமல் கை அசையாது. வாயால் சொல்வதை விட்டு, படிகளின் படங்களை மேசையில் ஒட்டி, பின்னால் நின்று விரலால் மட்டும் காட்டுங்கள். பிறகு இரண்டடி தள்ளி நில்லுங்கள், பிறகு கடை வாசலுக்குப் போங்கள். கூடையில் பத்துப் பை சேர்ந்ததும் யாரிடம் கொடுப்பது, கொடுத்த பிறகு என்ன செய்வது என்பதும் அந்தப் படங்களில் இருக்க வேண்டும்.

வேலை இடத்தைத் தெரிவுசெய்யும்போது, பிள்ளை வேலை செய்யப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். பின்னேரம் வெறிச்சென்று கிடக்கும் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் காலையில் வேறு இடம். அரைக்கிற மில்லின் இரைச்சல் சிலருக்குத் தாங்காது. அச்சகத்தில் தாள் அடுக்குவதும் நூலகத்தில் புத்தகம் ஒழுங்குபடுத்துவதும் அதே பிள்ளைக்கு நன்றாக ஒத்துவரலாம். முதலில் கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். மனம் குழம்பினால் பத்து நிமிசம் போய் இருக்க ஓர் அமைதியான மூலையை முதல் நாளே பேசி வையுங்கள்.

பஸ் தனிப் பாடம். ஒழுங்காகப் போய்வருவதைப் பழக்கினால் மட்டும் காணாது, இறங்கும் இடம் தவறினால் என்ன செய்வது என்பதையும், வேண்டுமென்றே ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கி, கூட நின்று பழக்குங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி மூடியிருக்கும், பஸ் வேறு பாதையால் போகும். கர்த்தால் (கடையடைப்பு) என்றால் பஸ்ஸே இராது. இதையெல்லாம் முதல்நாள் இரவே கலண்டரில் குறித்துக் காட்டினால் காலையில் அழுகை குறையும்.

கடதாசி வேலைகளைப் பின்போடாதீர்கள். 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளியில் இருந்தால் அதிபர் மூலம், விலகியிருந்தால் கிராம அலுவலர் மூலம். அதற்கு முன்பே ஒரே மாதிரிக் கையொப்பம் வைக்கப் பழக்குங்கள். வங்கியில் கையொப்பம் மாறினால் சொந்தக் காசையும் எடுக்க ஏலாது. அரச வேலை வெற்றிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீதம் ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இலிருந்து இருக்கிறது, ஆனால் பதவிக்குரிய கல்வித் தகைமையும் வேண்டும். ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரம்) இல்லாதவர்கள், செய்துவந்த வேலையைச் செய்துகாட்டி என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் பெறும் வழியைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. "பிள்ளையை வைத்திருந்தால் போதும், காசு வேண்டாம்" என்று பெற்றோரே முதலாளியிடம் சொல்வது பெரிய அநியாயம். வேலை செய்தால் சம்பளம், அதுவும் குறித்த திகதியில். சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஈ.பி.எவ்.க்கும் (ஊழியர் சேமலாப நிதி), அவர் தரும் இன்னொரு 3 வீதம் ஈ.ரி.எவ்.க்கும் (ஊழியர் நம்பிக்கை நிதி) போக வேண்டும். முதல் சம்பளத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.