கேஷுவாலிட்டி நாட்குறிப்பு: குழந்தைகளின் வயிற்று வலி

ஜூலை 8, 2024, திங்கள்

ஒன்பது வயசுப் பையன். நேற்றிலிருந்து வயிற்று வலி. வீட்டில் குடலேற்றம் என்று முடிவு கட்டி, விளக்கெண்ணெய் தடவித் தட்டிவிட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. எங்கே வலிக்குது என்றால் தொப்புளைக் காட்டுகிறான். எந்தக் குழந்தையைக் கேட்டாலும் தொப்புளைத்தான் காட்டும். நேற்று எங்கே, இப்போது எங்கே என்று பிரித்துக் கேட்டதும் விரல் வலது பக்கம் இறங்கியது. முதலில் வலி, அப்புறம்தான் வாந்தி என்றார் பாட்டி. இந்த வரிசை முக்கியம். வாந்தியில் ஆரம்பித்து வலி பின்னால் வந்தால் பெரும்பாலும் சாப்பாட்டுக் கோளாறாக இருக்கும்.

"தம்பி, கீழே இறங்கி ரெண்டு தடவை குதி பாக்கலாம்." ஒரு தடவை குதித்தான். வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இன்னொரு தடவை முடியாது என்று தலையாட்டினான்.

குழந்தைகளின் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சிக்கு 2002இல் சாமுவேல் என்ற டாக்டர் கொடுத்த மதிப்பெண் முறையில், குதித்தாலோ இருமினாலோ வலிப்பதற்கு 2. வலது அடிவயிற்றை அழுத்தினால் வலிப்பதற்கு 2. வலி இடம் மாறியது, பசியின்மை, வாந்தி, காய்ச்சல், ரத்தத்தில் வெள்ளணு கூடியது, அதில் நியூட்ரோபில் என்ற வகை கூடியது, இவை ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 10. காய்ச்சல் இல்லாமலே, ரத்த ரிப்போர்ட் வரும் முன்பே, மீதி எல்லாம் சேர்ந்து இவனுக்கு 7 வந்துவிட்டது. சர்ஜனுக்குப் போன் போட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்றுப் பையனுக்குக் காலையில் ஸ்கேன். குடல்வால் 9 மில்லிமீட்டர், அழுத்தினாலும் அமுங்கவில்லை. 6ஐத் தாண்டினாலே சந்தேகம்தான். மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. பதிவில் உள்ள முதல் குடல்வால் அறுவையே 1735இல், லண்டனில், ஒரு பதினொரு வயசுப் பையனுக்குத்தான் என்று சர்ஜன் சார் கதை சொன்னார். ஹெர்னியாவுக்குள் (குடலிறக்கம்) குடல்வால் மாட்டியிருந்ததாம், அதற்குள் ஒரு குண்டூசி வேறு.

மாலையில் இன்னொரு அப்பா வெளியில் எடுத்த ஸ்கேனோடு வந்தார். "ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்காங்களே டாக்டரம்மா?" ரிப்போர்ட்டில் இருந்தது 'குடல்வால் தென்படவில்லை' என்று. வாயு மறைத்திருக்கலாம், பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். அதை நார்மல் என்று படிப்பதுதான் ஆபத்து. சிடி எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் குழந்தைக்குக் கதிர்வீச்சு. எடுத்த எடுப்பிலேயே அதற்கு ஓட எனக்கு மனசு வராது. படுக்க வைத்து, சில மணி நேரம் கழித்து நானே திரும்ப அழுத்திப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 13, சனி

மூன்று வயசுப் பாப்பா. இந்த வயசுதான் எனக்குப் பயம். காய்ச்சல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு. இரண்டு இடத்தில் பேதிக்கு மருந்து வாங்கிக் குடித்தாகிவிட்டது. எடுத்து இடுப்பில் வைத்தாலே வீறிடுகிறாள் என்று அம்மா சொன்னதும்தான் நிமிர்ந்தேன். சாதாரணப் பேதியில் குழந்தை இடுப்பை விட்டு இறங்காது. இவளோ காலை மடக்கிக்கொண்டு, அசையாமல் கிடந்தாள். வயிறு உப்பி, பலகைபோல் இறுகியிருந்தது.

குடல்வால் அடி இடுப்புக்குள் தொங்கினால், அங்கே சேரும் சீழ் மலக்குடலை உறுத்தும். அதனால் பேதி மாதிரியே போகும். சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை இன்னும் வளர்ந்திருக்காது. பெரியவர்களுக்கு ஆவதுபோல் அது சீழைச் சுற்றி அடைக்காது. ஐந்து வயசுக்குக் கீழே பாதிக்கு மேல், கண்டுபிடிக்கும்போதே வெடித்திருக்கும். டிரிப்ஸ், ஆன்டிபயாடிக் போட்டு, 108இல் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினேன். வெடித்துத்தான் இருந்தது. ஆபரேஷன் ஆகி வார்டில் இருக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

புதிதாக வந்த தம்பி, டாக்டர்தான், வலியில் துடிக்கிற பையனுக்கு வலி மருந்து போடத் தயங்குகிறார். போட்டால் அறிகுறி மறைந்துவிடுமாம். வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றிருந்த காலத்துப் பாடம் அது. வலி மருந்து கொடுத்தால் நோயைக் கண்டுபிடிப்பது கெட்டுப்போவதில்லை என்று ஆய்வுகள் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. என் அனுபவத்தில் வேலை எளிதாகத்தான் ஆகும். அழுகிற குழந்தையின் வயிறு எப்போதுமே இறுகித்தான் இருக்கும், வலி குறைந்து அழுகை நின்றால்தான் கை நம்பும்.

ஜூலை 18, வியாழன்

வயிற்று வலி என்று வந்த ஒருவனுக்கு வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. இன்னொருவளுக்கு சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாது. பையன்கள் என்றால் கால்சட்டையை இறக்கி விதைப்பையைப் பார்க்காமல் விடக்கூடாது. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் யோசிக்க நேரம் கிடையாது. வெட்கப்பட்டுக்கொண்டு அவனாகச் சொல்லவும் மாட்டான்.

ஜூலை 21, ஞாயிறு

பதினொரு வயசுப் பெண், மதிப்பெண் 4. நாலிலிருந்து ஆறு வரை இரண்டுங்கெட்டான். வலி தொடங்கி ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது, வெள்ளணு நார்மல். இவ்வளவு சீக்கிரத்தில் அந்த நார்மலை நான் கணக்கில் எடுப்பதில்லை. கடைசி பஸ் போயிடும் என்று அம்மாவுக்கு அவசரம். எங்களைப் போன்ற பொது கேஷுவாலிட்டியில் குழந்தைக்கென்று தனி டாக்டர் கிடையாது. விபத்து, பாம்புக்கடி, நெஞ்சு வலி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கட்டிலை ராத்திரி முழுக்கப் பிடித்து வைப்பதும், எத்தனை மணிக்கு எங்கே வலித்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பதும்தான் பாடு. ஆள் மாறினால் அந்த வரிதான் அடுத்தவருக்குத் துணை.

ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி அழுத்தினேன். வலி குறைந்திருந்தது. பசிக்குது என்றாள். காலையில் ஸ்கேனில் சூலகம், குடல்வால் இரண்டும் சரியாகத் தெரிந்தன.

"இதுக்கா ராத்திரி பூரா உக்கார வச்சீங்க?"

"ஆமாம்மா, இதுக்குத்தான். வீட்டுல வயிறு கழிய பேதி மருந்து கொடுக்காதீங்க, தட்டி விடாதீங்க. வலி கூடினாலோ காய்ச்சல் அடிச்சாலோ உடனே வாங்க. திடீர்னு வலி விட்டுப்போய் சோர்ந்து படுத்தாலும் வாங்க, ஓபி வரிசையில நிக்க வேண்டாம், நேரா இங்கேயே."