வீட்டிலிருந்து வேலை, யாருடைய உழைப்பில்?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பெண்களுக்கு வசதி, வேலையையும் பார்க்கலாம் குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது எப்போதிருந்து வசதியானது?

கணவன், மனைவி இரண்டு பேருமே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கணவருக்குத்தான் தனி அறை, சாத்திய கதவு. மனைவியின் லேப்டாப் சாப்பாட்டு மேஜையில். குழந்தை கதவைத் தட்டாது, நேராக அம்மாவிடம்தான் வரும். மைக்கை அணைத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, மறுபடி மைக்கைப் போட்டு "ஆமா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார் அவர். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018ல் சொன்ன கணக்குப்படி உலகத்தில் கூலியில்லாத பராமரிப்பு வேலையில் 76.2 சதவீதம் பெண்கள் தலையில்தான் விழுகிறது. ஆபீஸ் வீட்டுக்குள் வந்ததால் மட்டும் அது பாதியாகப் பிரிந்துவிடாது.

சரி, காசு இருப்பவர்கள் ஆள் வைத்துக்கொள்கிறார்கள். பல நாடுகளில் அந்த ஆள் பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த இன்னொரு பெண். முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் ஆபீஸ் கிளம்பிய பிறகு அவருக்குக் கொஞ்ச நேரமாவது தன் போக்கில் வேலை செய்ய, கால் நீட்டி உட்கார முடிந்தது. இப்போது நாள் முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் இருக்கிறார், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், மீட்டிங் நடக்கும்போது குழந்தை அழாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அங்கேயே தங்கி வேலை செய்பவர் என்றால் வேலை எப்போது முடிகிறது என்றே சொல்ல முடியாது. முறையிடலாமா என்றால், வளைகுடா நாடுகள் பலவற்றில் விசாவே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது, வேலை போனால் அங்கே இருக்கும் உரிமையும் போகும். அவருடைய பிள்ளைகளோ ஊரில் பாட்டியிடமோ சித்தியிடமோ வளர்கிறார்கள். வேலை செய்யும் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு வீடியோ காலில்தான் அவர்களுடைய வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறார்.

2017லிருந்து பிரான்சில், வேலை நேரம் முடிந்த பிறகு ஆபீஸ் போனையும் மெயிலையும் தொடாமல் இருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நல்ல சட்டம், எல்லா நாட்டிலும் வரவேண்டும். ஆனால் லேப்டாப்பை மூடிவிட்டு நாம் எழுந்திருக்கும் அதே வீட்டில் அடுப்படியில் இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறார். வீட்டுத் தொழிலாளர்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011லேயே வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு, பாஸ்போர்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை ஏற்கவில்லை.

வீட்டிலிருந்து வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் வேலை பார்க்கிறேன். நிறுவனங்கள் கொடுக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை ஆண்களும் எடுக்க வேண்டும், அந்தச் சாத்திய கதவும் திறக்க வேண்டும். அப்புறம், வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் அவருடைய வேலை நேரத்தை எழுதி வையுங்கள், கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள், அவருடைய பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் பேச விடுங்கள்.