நான் அடுப்பு மூட்டிய கதை

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வீட்டுக்குள் 11 டிகிரி, வெளியே 3. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

ஹீட்டரைப் போட்டிருக்கலாம்தான். ஆனால் அது 2000 வாட், ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். நான் யூனிட் கணக்கை எடுத்தால் வீட்டில் ஆளாளுக்கு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். போதாததற்கு மகள் வேறு, குளிர்கிறது என்றால் நேரே போய் அதை 30-க்குத் திருகிவிடுவாள். அது கார் ஆக்ஸிலேட்டர் இல்லையம்மா, 20-ல் வைத்தாலும் 30-ல் வைத்தாலும் அறை சூடாகும் வேகம் ஒன்றுதான், 20-ல் நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் என்று மூன்று குளிர்காலமாகச் சொல்கிறேன். அவள் காதை மூடிக் குல்லா போட்டிருக்கிறாள், குளிருக்காக என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுவார். அப்படியானால் ஒரு ஹீட்டருக்கு 20 உறவினர். யோசித்துப் பார்த்தேன், மின்கட்டணமே தேவலை.

ஆகவே விறகு அடுப்பு. விறகு என் தயாரிப்பு. வெட்டி ஒரு மாதம்கூட ஆகாததை மழை படக்கூடாது என்று நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றி, மூச்சு முட்டக் கட்டி வைத்திருந்தேன். மேலே மட்டும் மூடிப் பக்கங்களைக் காற்றாட விட வேண்டும் என்று மனைவி சொன்னதாக இப்போது ஞாபகம் வருகிறது. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாக எரிய அது 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டுமாம். அதனால் நான் பற்ற வைத்தது எரியவில்லை, உஸ்ஸென்று சீறியது, ஓரத்தில் நுரை தள்ளியது. நான் ஊதினேன். அதுவும் ஊதியது, என் முகத்தில்.

ஒரு நிமிஷம்தான். புகை அத்தனையும் மேலே போகாமல் ஹாலுக்குள் குடிவந்து அலாரம் அலற, கட்டிலடியில் இருந்த பூனை எங்கே போனதென்றே தெரியாமல் போக, நான் வீட்டிலுள்ள அத்தனை ஜன்னலையும் கதவையும் ஓடி ஓடித் திறந்தேன். வேறு வழி? புகை கண்ணுக்காவது தெரியும், கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. எல்லாம் வெளியேறிய பிறகு பார்த்தால் உள்ளே 5 டிகிரி. வீட்டைச் சூடாக்கப் புறப்பட்டு 6 டிகிரியை வெளியே துரத்திவிட்டேன்.

அத்தை போர்வையோடு வந்து நின்றார். "வாசலுக்கே வந்துவிட்டேனோ என்று பார்த்தேன் மாப்பிள்ளை" என்றார்.

அப்புறம் ஒன்றும் பேசவில்லை. என் விறகை வெளியே எடுத்துப் போட்டார். இன்றைய பேப்பரின் முதல் பக்கத்தைச் சுருட்டிக் கொளுத்தி, அடுப்புக்குள் புகைபோக்கி வாய்க்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடித்தார். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்று அதற்குள் கனத்து உட்கார்ந்திருக்குமாம், அதைச் சூடாக்கி மேலே கிளப்பினால்தான் புகைக்கு வழி. குபுக்கென்று இழுத்தது. காய்ந்த சுள்ளி நாலு வைத்தார், தீ பிடித்துக்கொண்டது.

"அத்தை, முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் மும்முரமாக இருந்தீர்கள்."

ஏழரை மணிக்கு ஹால் 17 டிகிரி. பூனை அடுப்புக்கு எதிரே, என்னை யாரென்றே தெரியாதது மாதிரி. அத்தை போனில் தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இங்கே குளிரே தெரியவில்லைடி, எங்கள் மாப்பிள்ளை விடியக்காலையிலேயே எழுந்து அடுப்பை மூட்டிவிட்டார்." புகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் முதல் பக்கம் இல்லாத பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.