பழைய புல்லட்: பிளக் சொல்வதும் கார்ப் கேட்பதும்

சிக்னலுக்குச் சிக்னல் நின்று வந்து, வீட்டு வாசலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அது கறுப்பாகத்தான் இருக்கும். உடனே "பெட்ரோல் அதிகமாப் போகுது" என்று கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டை, சிறிதாக்குகிறவர்கள் நிறைய. அந்தக் கறுப்புக்கும் மெயின் ஜெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிளக் காட்டுவது கடைசி சில நிமிடம் வண்டி எப்படி ஓடியது என்பதை மட்டும்தான். ஐட்லிங்கில் நின்ற பிளக் ஸ்லோ ஜெட்டின் கதையைச் சொல்லும், ஃபுல் திராட்டிலில் அணைத்த பிளக் மெயின் ஜெட்டின் கதையைச் சொல்லும். எந்தக் கதை வேண்டும் என்று தீர்மானித்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இங்கே பேசுவது மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர் (சுருக்கமாகக் கார்ப்) போட்ட, இக்னிஷனுக்குப் பாயின்ட் வைத்த, வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்) புல்லட் 350. கார்பைத் தொடும் முன் மற்றதெல்லாம் சரியா என்று பாருங்கள். பாயின்ட் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் கேப் 0.5 மி.மீ. டேப்பெட்டை, அதாவது வால்வ் இடைவெளியை, இன்ஜின் முழுக்க ஆறியபின் பார்க்க வேண்டும்: புஷ்ராடு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஐட்லிங் ஏறினால் கேபிள் இழுக்கிறது, அதைச் சரிசெய்யாமல் எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பயனில்லை. கார்ப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. இரண்டு நட்டையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கி ஃப்ளேன்ஜ் வளைந்துபோவது இந்த வண்டிக்கு வழக்கமான நோய். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, ஃப்ளேன்ஜைச் சமமாகத் தேய்த்தால் சரியாகும்.

பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக விடும் என்று சொல்லும் சூட்டு எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. என்ஜிகே பிராண்டில் எண் ஏற ஏறக் குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் விடும்) பிளக். இன்றைய பாஷ் எண்ணில் நேர் எதிர், எண் ஏற ஏறச் சூடான பிளக். பாஷின் பழைய இந்தியப் பெயரான மைக்கோ டப்பாவில் இருந்த டபிள்யூ175 தான் இன்றைய டபிள்யூ7 வரிசை. என்ஜிகே பி6எச்எஸ் அதற்கு இணை. கடைக்காரர் "இதுவும் அதே சைஸ்தான்" என்று கொடுப்பது மரை அளவில் மட்டும் அதே சைஸ்.

மெயின் ஜெட்டைச் சோதிக்கப் புது பிளக் வேண்டும், பழைய கரியின் மேல் எதையும் படிக்க முடியாது. பழைய பிளக்கிலேயே பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, புதியதை மாட்டுங்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், லேசான ஏற்றமானால் இன்னும் நல்லது, மூன்றாவது கியரில் ஃபுல் திராட்டிலில் கொஞ்ச தூரம் இழுத்து, கிளட்சைப் பிடிப்பதும் சாவியை அணைப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். திராட்டிலை மூடிவிட்டு, ஐட்லிங்கில் உருண்டு வந்து நிறுத்தினால் சோதனை வீண். பின்னால் வண்டி வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

கழற்றிய பிளக்கை டார்ச்சும் லென்ஸும் வைத்துப் பார்க்க வேண்டும். பீங்கானின் நுனியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதுதான் பொதுவான தவறு. கலவையின் நிறம் தங்குவது பீங்கான் உள்ளே போய் இரும்போடு சேரும் அடிப்பகுதியில். அங்கே மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் மெயின் ஜெட் சரி. வளையமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. விரலில் ஒட்டும் உலர்ந்த கரியாக ஏறிக் கிடந்தால் அதிகம். ஈரமாக, எண்ணெய்ப் பளபளப்போடு கறுத்திருந்தால் கார்பை விட்டுவிடுங்கள். பிஸ்டன் ரிங்கோ வால்வ் கைடோ எண்ணெயை விடுகிறது. பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் கறும்புள்ளிகள் இருந்தால் இன்ஜின் தட்டுகிறது. வெள்ளி மினுக்கு தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம், அன்றைக்கு அதற்குமேல் ஓட்டாதீர்கள். மேலே வளைந்த கம்பியில் சூட்டால் நிறம் மாறிய கோடு வளைவுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். மரைப் பக்கம் வெகுவாக இறங்கியிருந்தால் பிளக் அதிகச் சூடு, அல்லது டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னேறியிருக்கிறது.

பழைய கையேடுகள் சொல்லும் "பிஸ்கட் நிறம்" ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக்கு உரியது. இந்தியாவில் 2000-ல் ஈயம் போய்விட்டது. இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. இதில் பிளக் வெளிறித்தான் தெரியும், பிஸ்கட் நிறம் வரும்வரை ஜெட்டை ஏற்றினால் மைலேஜ்தான் போகும். ஆனால் நிறம் ஒரு பக்கம் இருக்க, கணக்கு வேறு. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாய் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும், இ20-க்கு சுமார் 13.5. அதாவது அதே ஜெட், அதே காற்று, ஆனால் இன்ஜினுக்கு 8 சதவீதம் போலப் பெட்ரோல் குறைவு. தொழிற்சாலை ஜெட்டிலேயே ஓடும் பழைய புல்லட் இழுக்காமல் திணறுவதற்கும், திராட்டிலை மூடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். சைலன்சர் ஜாயின்ட் லீக்கானாலும் அதே வெடிச்சத்தம் வரும், முதலில் அதைப் பாருங்கள். ஜெட்டை மாற்றுவதானால் ஒரு படி பெரிதில் தொடங்கி இறங்கி வாருங்கள். பெட்ரோல் கூடினால் கரி பிடிக்கும், குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும்.

ட்யூனிங் கீழிருந்து மேலே போக வேண்டும். கிரிப்பில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூடிய நிலையிலிருந்து கால்வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், காலிலிருந்து முக்கால்வரை நீடில் (திராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி), அதற்குமேல் மெயின் ஜெட். விஎம் கார்பில் ஏர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பதால் அது காற்றைத்தான் கட்டுப்படுத்துகிறது: உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும், வெளியே திருப்பினால் குறையும். இன்ஜின் பக்கம் ஸ்க்ரூ இருக்கும் கார்ப்களில் இது தலைகீழ்.

இன்ஜின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே விட்டு, முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் முனையும் போகும், அது உட்காரும் இடமும் போகும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, கால் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் காதால் பிடியுங்கள். பிறகு ஐட்லிங்கை இறக்குங்கள். அந்த உச்சம் அரைச் சுற்றுக்குள் வந்தால் ஸ்லோ ஜெட் சிறிது, மூன்று சுற்றைத் தாண்டினால் பெரிது. எங்கே திருப்பினாலும் மாற்றமே இல்லையென்றால் துவாரம் அடைத்திருக்கிறது. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், பித்தளை அகன்றுவிடும். காற்று அடித்தும் போகாத அடைப்புக்குத் தூண்டில் நரம்பு போதும்.

நீடிலில் ஐந்து வெட்டு இருக்கும். கிளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். அரைத் திராட்டிலில் இழுவை இல்லாமல் கார்ப் வழியே தும்மினால் ஒரு வெட்டு இறக்குங்கள், குபுகுபுவென்று மந்தமானால் ஒன்று ஏற்றுங்கள். ஸ்லைடை, அதாவது நீடிலைத் தூக்கும் உருளையை, திரும்பப் போடும்போது சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். காடி பொருந்தாமல் அழுத்தி மூடினால் ஸ்லைடு மேலேயே நிற்கும், கிக்கர் அடித்ததும் வண்டி அலறும்.

எல்லாம் செய்தும் கால் திராட்டிலில் மட்டும் கரி பிடித்தால் நீடில் நுழையும் நீடில் ஜெட் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். ஐட்லிங்கில் மட்டும் என்றால் சோக் பிளஞ்சரின் ரப்பரைப் பாருங்கள், காய்ந்துபோனால் சோக்கை அணைத்த பிறகும் பெட்ரோல் விடும். இரண்டுக்கும் திருப்புளியில் மருந்தில்லை, பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாகப் பிளக்கைப் போடும்போது: பேரல்தான் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். கையால் முழுக்க ஏற்றிவிட்டு, புது பிளக் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்று, வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழையது என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று.