வலி நின்றதும் ஏமாந்தேன்

கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது எனக்குத் தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், உடனே போய்விடும், அதனால் கண்டுகொள்ளவில்லை. அப்போதே பல் டாக்டரிடம் போயிருந்தால் அடைப்பதோடு முடிந்திருக்கும். சில மாதத்தில் கூச்சம் வலியாகிவிட்டது. சூடாக எதையாவது குடித்தால், குடித்து முடித்தும் ஒரு நிமிஷத்துக்கு மேல் விண்விண்ணென்று தெறிக்கும், ராத்திரி படுத்தால் இன்னும் மோசம். உட்கார்ந்தபடியே தூங்கிப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. (பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் கூழ் வீங்கினால் விரிய இடமில்லை, சுற்றிலும் கெட்டிச் சுவர், படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக வந்து அழுத்தம் ஏறுமாம்.) கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். அரை மணி நேரம் மரத்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் காலையில் வலி சுத்தமாக இல்லை. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து, கடித்தால் அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்பது போல இருந்தது, ஈறில் சின்னக் கொப்புளம் வேறு. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். நரம்பு செத்ததால்தான் வலி நின்றிருக்கிறது, கிருமி அது பாட்டுக்கு எலும்பு வரை இறங்கியிருக்கிறது. "ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுங்களேன் டாக்டர்" என்றேன். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லையே, மாத்திரை எந்த வழியாக உள்ளே போகும் என்று திருப்பிக் கேட்டார். வாயை மூடிக்கொண்டேன், அதாவது திறந்தேன்.

ரூட் கேனால், அதாவது பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது, என்றதும் எனக்குப் பயம் ஊசிதான். குத்தும்போது சுருக்கென்றது, பிறகு பாதி உதடும் நாக்கும் யாருடையதோ போல ஆகிவிட்டன. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை மாட்டி, மயிரிழை போன்ற கம்பிகளால் உள்ளே சுரண்டினார், நுனியை நெருங்கும்போது ஒரு கருவி பீப் அடித்தது. இடையிடையே ஒரு திரவத்தால் கழுவினார், துணி வெளுக்கும் மருந்து வாசனை. அதேதானாம், சோடியம் ஹைப்போகுளோரைட். வேருக்குள் மூன்று கால்வாய் இருக்கும் என்று தேடியவருக்கு நான்காவதும் கிடைத்தது, எனக்கு இன்னும் அரை மணி நேரம் வாய் வலித்தது. கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கிருமி கொல்லும் மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைத்து ஒரு வாரம் விட்டு, கொப்புளம் வற்றிய பிறகுதான் கட்டபெர்ச்சாவால் நிரப்பினார். அது ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது. முதல் நாள் மரப்பு போகும் முன்பே சாப்பிட்டு, உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டேன், பல்லைவிட அதுதான் அதிகம் எரிந்தது. பல்லுக்கு மேல் மாட்டும் உறையான கேப் போடாமல் மட்டும் இழுத்தடிக்காதீர்கள் என்றார். ஓட்டை போட்ட கடைவாய்ப் பல் கடிக்கும்போது பிளந்தால் பிடுங்கத்தான் வேண்டியிருக்குமாம்.

கேப் மாட்டிய அன்று ஏழு வயது மகளையும் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்குக் கடைசிப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி, பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டிருந்தோம். பார்த்தால் அது 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் நிரந்தரப் பல்! ஊசிகூட இல்லாமல் அடைத்து அனுப்பிவிட்டார்.