ஹார்வர்டு சுவரில் யார் யார் பெயர்?

ஹார்வர்டுக்குப் போகும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் ரெட் லைன் ரயிலில் ஹார்வர்டு ஸ்கொயரில் இறங்குவார்கள், ஜான் ஹார்வர்டு சிலையின் காலணியைத் தொட்டுப் படம் எடுப்பார்கள், ஒரு டி-ஷர்ட் வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள். கூட வந்தவர்களில் யாராவது தமிழ் இருக்கைக்குப் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பேச்சு கொஞ்ச நேரம் ஓடும். நானும் காலணியைத் தொட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் பாஸ்டனில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் விடவில்லை. “அண்ணே, பசங்க சாப்பிடப் போற வழியில ஒரு இடம் இருக்கு, அதப் பாக்காமப் போகாதீங்க” என்று இழுத்துக்கொண்டு போனான்.

அந்த இடம் மெமோரியல் ஹால். சிவப்புச் செங்கல், கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். வெளியே நின்று பார்த்தால் தேவாலயம் என்றுதான் சொல்வீர்கள். உள்ளே ஒரு பக்கம் முதலாண்டு மாணவர்களின் சாப்பாட்டுக் கூடம், மறுபக்கம் சாண்டர்ஸ் அரங்கம். இரண்டுக்கும் நடுவே, உயரமான மரக்கூரைக்குக் கீழே, ஒரு நடைகூடம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குப் படையில் சேர்ந்து இறந்த 136 ஹார்வர்டுக்காரர்களின் பெயர்கள் அங்கே வெள்ளைப் பளிங்குப் பலகைகளில் இருக்கின்றன. 1870இல் கட்ட ஆரம்பித்து, 1874இல் திறந்திருக்கிறார்கள்.

நின்று படிக்க வேண்டிய பலகைகள் அவை. எந்த வருட வகுப்பு, என்றைக்கு இறந்தார், எங்கே இறந்தார் என்று ஒவ்வொரு பெயரோடும் இருக்கிறது. ஆன்டீட்டம், கெட்டிஸ்பர்க் என்று போர்க்களப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோதே காதில் இயர்போனும் முதுகில் பையுமாகப் பிள்ளைகள் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. வருடத்துக்கு ஒருமுறை பூட்டைத் திறந்து மாலை போடுவதைவிட, பசியோடு பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் வழியில் பெயர்கள் இருப்பது நல்லதுதான்.

அங்கே நான் தேடிய பெயர் ராபர்ட் கூல்ட் ஷா. படிப்பை முடிக்காமலே ஹார்வர்டை விட்டுப் போனவர். கறுப்பின வீரர்களைக் கொண்ட 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1863 ஜூலை 18இல் தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் இறந்தார். எதிரிகள் அவமானப்படுத்துவதாக நினைத்து அவரை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். பிறகு உடலைத் தேடி எடுக்கும் பேச்சு வந்தபோது, அவன் தன் வீரர்களோடே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் அவர் அப்பா.

ஆக, பட்டம் வாங்காதவருக்கும் சுவரில் இடம் உண்டு. பட்டம் வாங்கிவிட்டுத் தெற்குப் படையில் சேர்ந்து செத்தவர்களுக்கு இல்லை. “அவங்களும் இங்கதானே படிச்சாங்க?” என்றான் தம்பி. படித்தார்கள்தான். ஆனால் இது கல்லூரியின் வருகைப் பதிவேடு இல்லையே. அடிமைமுறையைக் காப்பாற்றப் போன படையில் செத்தவரையும் ஷாவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால், ஷா எதற்காகச் செத்தார் என்பதே மங்கிவிடும். நான் இப்படிச் சொன்னதும் அவன் விட்டுவிடவில்லை. “அப்ப சர்ச்சுக்கு வாங்க” என்றான்.

மெமோரியல் சர்ச் கொஞ்ச தூரம்தான், ஹார்வர்டு யார்டுக்குள் இருக்கிறது. எதிரே இருக்கும் வைட்னர் நூலகமும் ஒரு நினைவுக் கட்டடமே. டைட்டானிக்கில் மூழ்கிப்போன பழைய மாணவர் ஒருவருக்காக அவருடைய அம்மா கட்டிக் கொடுத்தது. சர்ச், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1932 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. நினைவு அறையில் 373 பெயர்கள். நடுவில் மால்வினா ஹாஃப்மன் செதுக்கிய சிற்பம்: சிலுவைமேல் கிடக்கும் ஒரு போர்வீரன், அவன் தலையை மடியில் தாங்கியிருக்கும் ஒரு பெண்.

தம்பி காட்ட வந்தது வேறு. ஜெர்மனிக்காகப் போரிட்டு இறந்த நான்கு ஹார்வர்டு மாணவர்களுக்கும் அங்கே ஒரு தனிப் பலகை இருக்கிறது. எதிரெதிர்க் கொடிகளின் கீழ் நாட்டுக்காக உயிர்விட்ட தன் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் மறக்கவில்லை என்கிறது அது. அதுவும் லத்தீனில்! எல்லோருக்கும் புரிந்துவிட வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்கள் அதே சர்ச்சின் பெரிய சுவரில் இருக்கின்றன. அங்கே அடால்ஃப் சான்வால்ட் என்று ஒரு பெயர். 1920களில் ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து இறையியல் படித்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப் போதகரானவர். நாஜிகளின் கொள்கையை எதிர்த்து எழுதியவர். அவரையே கட்டாயப்படுத்திப் படையில் சேர்த்தார்கள்; 1943இல் ரஷ்யாவில் செத்துப்போனார். அமெரிக்க மாணவர்களோடு ஒரே பட்டியலில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள், பக்கத்தில் ‘எதிரித் தரப்பில் இறந்தவர்’ என்ற குறிப்போடு. என் கணக்கில் அந்த லத்தீன் பலகையைவிட இது நேர்மையானது. நம் பிள்ளை என்றும் சொல்கிறது, எதிரிப் படையில் செத்தான் என்றும் சொல்கிறது.

“ஜெர்மன்காரனுக்கு இடம் கொடுத்தவங்க, தெற்கத்திக்காரனுக்குக் கொடுக்கலையே?” என்று வெளியே வந்ததும் ஆரம்பித்தான். சான்வால்டை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனார்கள், அவரையும் தெற்குப் படையையும் ஒரே தட்டில் வைக்காதே என்றேன். “சரி, அந்த லத்தீன் பலகையில இருக்கிற நாலு பேரு?” என்றான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 1915இல் வைத்த உள்நாட்டுப் போர் நினைவிடத்தில் வடக்கு, தெற்கு இரண்டு பக்கத்துப் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. பாஸ்டனிலிருந்து நியூ ஹேவனுக்கு நேராக ரயில் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு மிச்சச் சண்டையைப் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.