ஆயி தூவிய தூள்

சீனாவின் யுன்னான் மாகாணத் தலைநகர் குன்மிங்கில் மருத்துவம் படித்த காலம். பூசணி நறுக்கும்போது கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. வீட்டுக்கார அம்மாவை 'ஆயி' என்றுதான் கூப்பிடுவேன். சீனத்தில் அது சித்தி முறை. ஓடிவந்தார். விரலைக் கழுவி, ஒரு சின்னக் குப்பியிலிருந்து தூளைத் தூவி, துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

யுன்னான் பாய்யாவ். 'வெண்மருந்து' என்று பெயர், ஆனால் தூள் இளமஞ்சள். ச்சூ ஹுவான்சாங் என்ற யுன்னான் வைத்தியர் 1902-இல் உருவாக்கியது. முழுச் செய்முறை இன்றும் அரசு ரகசியம். ஆனாலும் சான்ச்சி என்ற மூலிகையின் வேர் அதில் உண்டு என்பது தெரிந்ததே. யுன்னானிலேயே வென்ஷான் பக்கத்து மலைகளில் விளையும் அந்த வேரைத் தோண்ட மூன்று வருடமாவது காத்திருக்க வேண்டும்.

குப்பியில் ஒரு குட்டிச் சிவப்பு மாத்திரையும் இருந்தது. பலத்த காயம் பட்டால் மட்டும் விழுங்குவதாம். ஆயி அதைப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

பத்து நிமிடம் பிடியை விடவே இல்லை. ரத்தம் நின்றதில் தூளுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பிடிக்கும் அவ்வளவு பங்கு என்று இப்போது மருத்துவராகச் சொல்வேன். அப்புறம் டெட்டனஸ் ஊசி போடப் போனேன். ஆயியும் கூடவே வந்தார்.